கூடுதல் நேரம்

எனக்குப் பொருளியல் தெரியாது.
அதுதான் தகுதி என்றார்கள்.
முதலாமாண்டு தாவரவியல், கையெழுத்து பரவாயில்லை.
சொல்வதை எழுத வேண்டும்,
சொல்லாததை எழுதக் கூடாது.

எங்களுக்குத் தனி அறை.
பேச்சுச் சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாம்.
மாடிப்படிக்கு அடியில்
விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் இடம்:
காற்றிறங்கிய பந்துகள், நரம்பறுந்த மட்டைகள்,
ஜெயித்தவர் வந்து வாங்கிப் போகாத ஒரு கோப்பை.
ஒற்றை ஜன்னல் வழியே
தேவனாம்பட்டினத்துக் கடல்
யாருக்கோ பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது.

ஓ.டி. பேருந்தில்
என் அம்மாவின் மீன்கூடைக்குக் கடைசிப் படி.
அதுவும் தனி இடம்தான்.

ஞானச்செழியன், மூன்றாமாண்டு,
குள்ளஞ்சாவடிக்கு உள்ளே ஏதோ ஊர்.
இரண்டு பேருந்து மாறி வந்தவர்
உட்காரும் முன் மேசையின் நான்கு ஓரமும் தடவினார்.
“ஆடுது. காலுக்கு எதையாவது வை.”
உடைந்த கேரம்பலகைச் சில்லு ஒன்றைச் சொருகினேன்.

ஒரு கேள்வியில் படம் கேட்டிருந்தார்கள்.
அவர் காற்றில் ஒரு கோடு இறக்கினார்,
நான் அதைத் தாளில் பிடித்தேன்.
“வளையுதா?” என்றார். வளைந்தது.

பதினாறாவது கேள்வி:
உயர்கல்வியில் சமவாய்ப்பை உறுதிசெய்யும் வழிகளை விளக்குக.
இரண்டு தரம் படித்தேன்.
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
பிறகு சட்டப் பிரிவு, உதவித்தொகை, ஆணையம், ஒதுக்கீடு,
பாடநூலின் நடையில், மூச்சுவிடாமல்.
நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் வேறு குரலில் வந்தது:
“கட்டடங்களிடம் நாம் கேட்பது இரக்கம் அல்ல.”

சின்ன ர-வா, பெரிய ற-வா என்று கேட்டேன்.
சிங்காரத்தோப்பில் எங்களுக்கு இரண்டும் ஒரே சத்தம்.
அவருக்கு வேறு வேறு புள்ளிகள்.
மேசையில் விரலால் தட்டினார்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
“சின்னது. பெரிசு போட்டா பொய்யாயிடும்.
இறக்கம்தானே கேக்கறோம்.”
காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.
“முன்வாசல்ல ஒண்ணு கட்டினாங்க.
அது மேல பூந்தொட்டி வச்சிட்டாங்க.
இதயத்துல்லாவோட சக்கர நாற்காலி
தெனமும் தொட்டிகிட்ட நின்னுடும்.”

சொல்வதை எழுதுவதுதானே விதி.
பூந்தொட்டி வரை எழுதிவிட்டிருந்தேன்.
“ஐயோ, அதை அடிச்சிடு.
பதினஞ்சு மார்க்குல தொட்டிக்கு எடம் ஏது.”
அடித்தேன்,
படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு.

ஒரு மணிக்குப் பெரிய மணி அடித்தது.
வராந்தா முழுக்கச் செருப்புகள்,
விடை ஒப்பிடும் குரல்கள், யாரோ யாரையோ திட்டியது.
எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
விதியில் இருக்கிறது.
கண்காணிப்பாளர் டிபன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.
“தம்பி, தெரிஞ்சதை எழுதியாச்சுன்னா குடுத்துடலாமே.”
“தெரிஞ்சது இன்னும் இருக்குங்க சார்.”

உதவியாளர் வந்து நாற்காலிகளை அடுக்கினார்.
மின்விசிறியை அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்து,
திரும்பப் போட்டார்.
என் நடுவிரலில் பேனா பள்ளம் பறித்திருந்தது.
அவர் குரல் கட்டிக்கொண்டே வந்தது.
தண்ணீர் பாட்டில் எனதா அவருடையதா
என்று பார்க்காமல் குடித்தோம்.

முப்பத்தெட்டுப் பக்கம். எல்லாம் என் கை.
கடைசியில் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார் கண்காணிப்பாளர்,
இடது பெருவிரலுக்கு.
செழியன் விரல்களை மடக்கிக்கொண்டார்.
“பேனா குடு, தாட்சாயிணி.”
என் பெயரை எப்போது கேட்டுவைத்தார் என்று தெரியவில்லை.

கோட்டின் மேல் அளவுகோலை வைத்துக் காட்டினேன்.
ஞா மட்டும் கட்டத்துக்குள் நின்றது.
மீதி எழுத்துகள் மேலே ஏறி,
பதிவெண்ணைக் கடந்து,
பல்கலைக்கழக முத்திரை மேல் போய் உட்கார்ந்தன.

“கட்டத்தைத் தாண்டக் கூடாதுப்பா” என்றார் அவர்.

மாற்றுத் தாள் இல்லை.